பரணில் கிடக்கும் ஸ்லைடுகள்: வாசகர் கேள்வி பதில்

பழைய பயண ஸ்லைடுகளை (ப்ரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் ஃபிலிம் படங்களை) கணினிக்கு மாற்றுவது பற்றி வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். எல்லாமே 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்து, 50-க்கு 50 மி.மீ. சட்டத்தில் மாட்டிய வழக்கமான ஸ்லைடுகளைப் பற்றியவை.

கேள்வி: அப்பா 1965-லிருந்து 1985 வரை போன ஊர்களில் எல்லாம் எடுத்த ஸ்லைடுகள் சுமார் அறுநூறு இருக்கின்றன. சில அட்டைச் சட்டத்தில், சில பிளாஸ்டிக்கில். எந்த ஸ்கேனர் வாங்கலாம்?
– வாசகி, கோவை

பதில்: ஸ்கேனர் பிறகு. முதலில் ஸ்லைடுகளைப் பிரியுங்கள். ஒரு எல்.இ.டி. லைட் பேனலும் எட்டு அல்லது பத்து மடங்கு பெருக்கும் லூப்பும் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு பூதக்கண்ணாடி) இருந்தால் போதும். மங்கலானவை, ஒரே காட்சியின் நாலைந்து நகல்கள், முழுக்கக் கறுத்துப் போனவை எல்லாம் தனியாகப் போகட்டும். எறிய வேண்டாம், ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் ஸ்கேன் செய்ய வேண்டியவை பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்து ஃபிலிம் வகையைப் பாருங்கள். எதை முதலில் காப்பாற்றுவது என்பதை அதுதான் முடிவு செய்யும். கோடாக்ரோம் இருட்டில் வைத்தால் மிக நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஐம்பது வருடம் கழித்தும் நிறம் அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். சட்டத்தில் பெயர் இல்லை என்றால், ஸ்லைடை ஒளியில் சாய்த்துப் பிடியுங்கள். பளபளப்பில்லாத மங்கலான பக்கத்தில் படம் செதுக்கியதுபோல மேடுபள்ளமாகத் தெரிந்தால் கோடாக்ரோம் என்று கொள்ளலாம். 1970-களின் நடுப்பகுதிவரை வந்த பழைய எக்டாக்ரோம் வகைகள் பெட்டிக்குள் இருந்தபடியே வெளுத்துச் சிவந்து போகும். ஓர்வோக்ரோம் போன்றவற்றையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆக, சிவந்துகொண்டிருப்பவையும் பூஞ்சை பிடித்தவையும் முதல் வரிசை. கோடாக்ரோம் கடைசியில் வரலாம்.

இன்னொன்று: எதையும் கழற்றுவதற்கு முன் சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அப்பாவின் கையெழுத்து, ஃபிரேம் எண், கோடாக் அட்டைகளில் அச்சான மாதம், வருடம் எல்லாம் அதில்தான் இருக்கும்.

கேள்வி: படங்களின்மேல் வெள்ளை நூல் மாதிரி படர்ந்திருக்கிறது. வெயிலில் காயவைத்தால் போகுமா? தண்ணீரில் கழுவலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இரண்டுமே கூடாது. வெயில் சாயத்தை வெளுக்கவைக்கும், ஃபிலிமை வளைக்கும். தண்ணீர் அதைவிட மோசம். படம் ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கிறது, பூஞ்சை அந்த ஜெலட்டினைத்தான் தின்கிறது. தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையக்கூடியதாக மாறிவிடும். ஈரப் பஞ்சால் ஒரு முறை துடைத்தால் பூஞ்சையோடு படமும் வந்துவிடும். வாயால் ஊதுவதும் இதே காரணத்தால் ஆபத்து. எச்சில் துளி பட்ட இடம் கறையாக நிற்கும்.

முதலில் பூஞ்சை பிடித்தவற்றை மற்றவற்றிலிருந்து விலக்கி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஈரம் போனால் பூஞ்சையின் வளர்ச்சி நிற்கும், காய்ந்த நூல்கள் சுலபமாக உதிரும். பிறகு முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் போட்டுக்கொண்டு, ரப்பர் ப்ளோயரால் ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பூஞ்சை பளபளப்பான பக்கத்தில் மட்டும் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அது பிளாஸ்டிக் பேஸ், அதாவது படலத்தைத் தாங்கும் அடித்தளம்; தயங்காமல் துடைக்கலாம்.

துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதம் வேண்டாம், மீதி முப்பதும் தண்ணீர்தான். ஃபிலிமுக்கென்றே வரும் பெக்-12 திரவமும் நல்லது. ஸ்லைடைச் சட்டத்திலிருந்து எடுத்து, சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தில் ஒரு துளி தொட்டுப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள், அந்த ஸ்லைடை அப்படியே ஸ்கேன் செய்யலாம். நிறம் ஏறாவிட்டால், நூல் உதிராத துடைதாளைச் சொட்டாத அளவுக்கு நனைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் தாளின் புது இடம். முதலில் பளபளப்பான பக்கம், அப்புறம் மங்கலான எமல்ஷன் பக்கம், அதாவது ஜெலட்டின் படலம் உள்ள பக்கம். சில விநாடிகளில் உலர்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

சுத்தம் செய்த ஃபிலிமைப் பழைய அட்டைக்குள் திரும்பப் போடாதீர்கள், அட்டைக்குள்ளும் பூஞ்சை வித்து இருக்கும். புதிய பிளாஸ்டிக் சட்டம் போடுங்கள். பூஞ்சை ஏற்கெனவே தின்றுவிட்ட தடம் எதைப் போட்டாலும் போகாது. அதைக் கணினியில் ஒட்டுப் போட்டுத்தான் மறைக்க வேண்டும்.

கேள்வி: ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 6400 டி.பி.ஐ. என்று போட்டிருக்கிறார்கள். ஆனாலும் படம் கூர்மையாக இல்லையே?
– வாசகர், திருச்சி

பதில்: பெட்டிமேல் அச்சிட்ட எண் சென்சார் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி எடுக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. லென்ஸ் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறது என்பது வேறு கணக்கு. எப்சன் வி600 போன்றவற்றில் உண்மையில் கிடைப்பது 1500, 1600 அளவுதான். வி850-இல் 2300 அளவு. வாட்ஸ்அப்பில் அனுப்பவும் அஞ்சலட்டை அளவு பிரிண்டுக்கும் இது போதும். அதற்குமேல் எண்ணைக் கூட்டினால் கோப்பு வீங்கும், நுணுக்கம் கூடாது.

ஃபிலிமுக்கென்றே உள்ள பிளஸ்டெக் 8200ஐ போன்றவை 7200 என்று சொல்லி, 3200-லிருந்து 3800 வரை உண்மையாகவே தருகின்றன. நிக்கான் கூல்ஸ்கேனோ 4000 டி.பி.ஐ.-ஐக் கிட்டத்தட்ட முழுதாகவே தரும். ஆனால் அதன் உற்பத்தி நின்று பல காலம் ஆகிறது. பழையது வாங்கினால் பழுதுபார்க்க ஆளும் பாகமும் தேட வேண்டும். 3600-இல் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 5100-க்கு 3400 பிக்சல் வரும். நல்ல லென்ஸில் எடுத்த ஸ்லைடில் இருக்கும் விவரத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். பிளஸ்டெக்கின் குறை நேரம். ஸ்லைடை ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்த வேண்டும், அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டு நீக்கும் வசதியோடு ஒன்றுக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும்.

நூற்றுக்கணக்கில் இருக்கிறது, வீட்டில் கேமராவும் இருக்கிறது என்றால், எங்கள் வாக்கு கேமராவுக்குத்தான்.

கேள்வி: கேமராவால் ஸ்லைடை நகலெடுக்க என்னென்ன வேண்டும்? முயன்றபோது ஓரங்கள் மங்கலாகவும், படம் முழுக்கப் புகைபோலவும் வந்தது.
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: வேண்டியவை: மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ், ஆடாத ஸ்டாண்ட், நிறத் துல்லியக் குறியீடு (சி.ஆர்.ஐ.) 95-க்கு மேல் உள்ள எல்.இ.டி. பேனல். ஃபுல் ஃபிரேம் கேமரா (சென்சாரும் 35 மி.மீ. ஃபிலிம் படமும் ஒரே அளவு) என்றால் லென்ஸ் ஒன்றுக்கு ஒன்று அளவுவரை, அதாவது பொருளின் அளவிலேயே பிம்பம் விழும்வரை, நெருங்க வேண்டும். அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி சென்சார் என்றால் 0.65 மடங்கு போதும், ஸ்லைடு முழுதும் அடங்கிவிடும்.

புகைபோல வந்ததற்குக் காரணம் பக்க வெளிச்சம். ஸ்லைடைச் சுற்றிப் பேனலின் வெள்ளை ஒளி நேராக லென்ஸுக்குள் பாய்ந்து கறுப்பை எல்லாம் சாம்பலாக்கிவிடுகிறது. கறுப்பு அட்டையில் ஸ்லைடின் அளவுக்கு மட்டும் ஜன்னல் வெட்டிப் பேனலை மூடுங்கள், அறை விளக்கையும் அணையுங்கள். ஸ்லைடு பேனலைத் தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. மூன்று முதல் ஐந்து செ.மீ. மேலே தூக்கி வைத்தால் பேனல்மேல் உள்ள தூசியும் கீறலும் படத்தில் பதியாது. கைபேசித் திரையை விளக்காக வைப்பவர்களுக்கு வரும் கட்டம் கட்டமான வலையும் இந்த இடைவெளி இல்லாததால்தான்.

ஓர மங்கலுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, கேமரா ஸ்லைடுக்கு நேராக இல்லை. ஸ்லைடு இருக்கும் இடத்தில் சிறிய கண்ணாடியை வைத்து கேமராவின் வழியே பாருங்கள். லென்ஸின் பிம்பம் சரியாகத் திரையின் நடுவில் விழும்வரை ஸ்டாண்டைத் திருத்துங்கள். குமிழ் மட்டத்தைவிட இது துல்லியம். இரண்டாவது, ஃபிலிமே வளைந்திருக்கிறது. அட்டைச் சட்டத்தில் வருடக்கணக்கில் இருந்த ஃபிலிம் நடுவில் புடைத்து நிற்கும். நடுவில் ஃபோகஸ் வைத்தால் மூலைகள் போகும், மூலையில் வைத்தால் நடு போகும். நடுவுக்கும் மூலைக்கும் இடைப்பட்ட இடத்தில், கேமராத் திரையில் தெரியும் லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, படத்தின் உருவத்தை விட்டுவிட்டு ஃபிலிமின் மணித்துகளில் (கிரெயின்) கையால் ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸின் துளை (அபெர்ச்சர்) எஃப்/8. எஃப்/16-க்குப் போனால் புடைப்பு சமாளிக்கப்படும், ஆனால் சிறிய துளையின் ஓரத்தில் ஒளி வளைவதால் படம் முழுதும் மழுங்கிவிடும். அதிகம் புடைத்தவற்றைப் புதிய பிளாஸ்டிக் சட்டத்துக்கு மாற்றுவதே வழி.

மற்றவை: ஐ.எஸ்.ஓ. 100, ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலத் தரவு), இரண்டு விநாடி டைமர். ஸ்லைடு இல்லாமல் வெறும் பேனலை எடுத்து அதைக்கொண்டு வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) நிலையாக வையுங்கள். ஆட்டோவில் விட்டால் மாலை வெயிலில் எடுத்த ஒவ்வொரு படத்தையும் கேமரா 'திருத்த' முயலும். கோயில் பிரகாரம், குகை என்று இருண்ட ஸ்லைடுகளுக்கு வழக்கமான அளவில் ஒன்றும், வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு) கூட்டி ஒன்றுமாக இரண்டு எடுத்து வைத்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பளபளப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும், அப்போதுதான் இடவலம் சரியாக வரும். 'இந்தப் பக்கம் திரையை நோக்கி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் கோடாக் அட்டையில் அந்த எழுத்து இருப்பது எமல்ஷன் பக்கம்.

கேள்வி: ப்ரொஜெக்டரில் சுவரில் போட்டு, கைபேசியில் படம் எடுத்தால் போதாதா?
– வாசகி, சேலம்

பதில்: போதாது. சுவரின் நிறமும் சொரசொரப்பும் சேரும், படம் சரிவகமாகும், நடு வெளுத்து ஓரம் இருளும். அதைவிட முக்கியம், ப்ரொஜெக்டர் விளக்கு ஸ்லைடை வெளுக்கவைக்கும். இருட்டில் அத்தனை உறுதியான கோடாக்ரோம்தான் இந்த விளக்கின்முன் சீக்கிரம் வெளுப்பது. எல்லோரும் சேர்ந்து திரையில் பார்க்க ஆசை இருந்தால் ஸ்கேன் செய்ததை டிவியில் போடுங்கள்.

கேள்வி: கோடாக்ரோம் ஸ்லைடுகளை ஸ்கேன் செய்தால் நீலமாக வருகிறது. தூசி நீக்கும் வசதியைப் போட்டால் மரக்கிளைகளும் சன்னல் கம்பிகளும் பிய்ந்து போகின்றன. ஸ்கேனர் பழுதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பழுது இல்லை. அந்த வசதி அகச்சிவப்புக் கதிரை ஃபிலிம் வழியே செலுத்திப் பார்க்கிறது. சாதாரண ஸ்லைடின் சாயங்கள் அந்தக் கதிருக்குக் கண்ணாடிபோல. தூசியும் கீறலும் மட்டும் அதை மறிக்கும். மறித்த இடத்தை மென்பொருள் நிரப்பிவிடும். கோடாக்ரோமின் சயான் (பச்சை கலந்த நீலம்) சாயமோ கதிரை ஓரளவு தானும் மறிக்கிறது. அடர்த்தியான கிளையையும் கம்பியையும் மென்பொருள் தூசி என்று நினைத்து அழிக்கிறது. கறுப்பு வெள்ளை ஸ்லைடில் வெள்ளித் துகள் இருப்பதால் நிலைமை இன்னும் மோசம், அதில் இந்த வசதியை அறவே தொடாதீர்கள். கோடாக்ரோமுக்கு அணைத்துவிடுங்கள் அல்லது மிகக் குறைந்த அளவில் வைத்து, கம்பிகள் உள்ள படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிச் சரிபாருங்கள்.

நீலம் வருவது ஸ்கேனர் மற்ற ஃபிலிம்களின் சாயத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருப்பதால். ஸ்கேனர் மென்பொருள்களான சில்வர்ஃபாஸ்ட், வியூஸ்கேன் இரண்டிலும் ஃபிலிம் வகையைக் கோடாக்ரோம் என்று மாற்ற இடம் உண்டு. மாற்றினாலே முக்கால்வாசி சரியாகிவிடும்.

கேள்வி: 1972-இல் எடுத்த காஷ்மீர்ப் பயணப் படங்கள் முழுக்கச் சிவந்துவிட்டன. பழைய நிறம் திரும்புமா?
– வாசகி, மதுரை

பதில்: பெருமளவு திரும்பும். சிவப்பு கூடியதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும் நடந்தது வேறு: சயான் சாயம் வெளுத்துவிட்டது. சிவப்பு ஒளியைத் தடுப்பது சயானின் வேலை. தடுக்க ஆள் குறைந்ததால் சிவப்பு எங்கும் கசிகிறது. மீதம் இருக்கும் சயானில் படத்தின் வடிவம் இன்னும் இருக்கிறது, அதை நீட்டி விரிக்க வேண்டும்.

ஸ்கேனரின் தானியங்கித் திருத்தத்தை அணைத்து, சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு நிறச் சேனலுக்கும் 16 பிட் உள்ள டிஃப் கோப்பாக எடுங்கள். ஃபோட்டோஷாப்பிலோ, இலவசமான ஜிம்ப்பிலோ லெவல்ஸைத் திறந்து, மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பாருங்கள். உதாரணத்துக்கு, 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையான அளவில் பச்சை 20-லிருந்து 230 வரையும், நீலம் 35-லிருந்து 225 வரையும் பரவியிருக்க, சிவப்பு 110-க்குமேல்தான் தொடங்குகிறது என்று வையுங்கள். சிவப்பின் கறுப்பு முனையை 105-க்கு நகர்த்துங்கள். மற்ற இரண்டிலும் முனைகளைத் தரவு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே நிறுத்துங்கள். இந்த ஒரு வேலையிலேயே வானமும் தால் ஏரியும் எழுந்து வரும். 8 பிட் ஜேபெக்கில் இதைச் செய்தால் 145 படிகளை 256-க்கு இழுக்கிறீர்கள். வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 16 பிட் வேண்டும் என்று வற்புறுத்துவது அதற்காகத்தான்.

அடுத்து, அதே மென்பொருளில் உள்ள கர்வ்ஸ் கருவி. சாயம் எல்லா அடர்த்தியிலும் ஒரே அளவு வெளுப்பதில்லை. அதனால் பனி சரியாகும்போது நிழலில் ஊதாவோ பச்சையோ மிஞ்சும். படத்தில் நிறமற்ற பொருள் மூன்று தேடுங்கள்: வெளுப்பில் பனியோ மேகமோ வெள்ளை வேட்டியோ, நடுவில் தார்ச்சாலை அல்லது கருங்கல், இருட்டில் கார் டயர். ஒவ்வொன்றிலும் மூன்று சேனல்களின் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகும்படி அந்த இடத்தில் கர்வை வளையுங்கள். முகத்தின் நிறத்தை வைத்துத் தொடங்காதீர்கள். முகத்துக்காக வளைத்தால் மற்றதெல்லாம் தப்பும். மாலை வெயிலின் மஞ்சளைப் பழுது என்று எண்ணி நீக்கிவிடவும் வேண்டாம்.

வரிசை முக்கியம்: நிறம், பிறகு மாறுபாடு, பிறகு தூசியும் கீறலும், எல்லாம் முடிந்தபின் கூர்மை. தூசி அழிப்பதைத் தனி லேயரில் செய்தால் தவறினால் திரும்பிப் போகலாம்.

இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தூசியை நன்றாகவே நீக்குகின்றன. ஆனால் தூரத்தில் சிறியதாக நிற்கும் முகத்தைத் 'தெளிவாக்க'ச் சொன்னால் இல்லாத முகத்தை வரைந்து தருகின்றன. பாட்டியின் முகம் ஃபிலிமில் மங்கலாக இருந்தால், மங்கலாகவே இருக்கட்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அப்படித்தான் செய்வேன் என்றால், மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் செய்யுங்கள்.

கேள்வி: கண்ணாடிச் சட்டத்தில் உள்ள ஸ்லைடுகளில் எண்ணெய் படர்ந்ததுபோல வானவில் வளையங்கள் தெரிகின்றன.
– வாசகர், புதுச்சேரி

பதில்: நியூட்டன் வளையங்கள். ஃபிலிமும் கண்ணாடியும் உரசும் இடத்தில் ஒளி இருமுறை எதிரொளித்து உண்டாவது. கண்ணாடியைக் கழற்றி, சாதாரணச் சட்டத்தில் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். நம் கடலோர ஊர்களில் கண்ணாடிச் சட்டம் உள்ளே ஈரத்தைப் பூட்டிவைத்துப் பூஞ்சைக்கு இடம் தரும். திரும்ப மாட்டாமல் இருப்பதே நல்லது. ஃபிலிம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாமல் அப்படியே படம் எடுங்கள்.

கேள்வி: எந்த வருடப் பயணம் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, சென்னை

பதில்: கோடாக் அட்டையில் உள்ள மாதம் கழுவிய மாதம். பயணம் அதற்கு முன்பு. ரோல் முடியும்வரை கேமராவிலேயே கிடந்திருந்தால் பல மாதம்கூட முன்பு இருக்கும். பிறகு படத்துக்குள் தேடுங்கள். கன்னியாகுமரிப் பாறைமேல் விவேகானந்தர் மண்டபம் இல்லை என்றால் 1970-க்கு முன். வள்ளுவர் சிலை இருந்தால் 2000 அல்லது அதற்குப் பின். பாம்பன் ரயில் பாலத்தின் பக்கத்தில் கட்டி முடித்த சாலைப் பாலம் இருந்தால் 1988-ஐ ஒட்டியோ பின்போ. தனுஷ்கோடியில் ரயில் நிற்கிறது என்றால் 1964 டிசம்பர் புயலுக்கு முன், அந்த ஸ்லைடுக்குத் தனி மதிப்பு உண்டு. சிங்கப்பூர் மெர்லயன் 1972-இல் திறந்தது, 2002-இல் இடம் மாறியது. வண்டி எண், சினிமா சுவரொட்டி, கடைப் பலகை ஆகியவற்றையும் நூறு சதவீதம் பெரிதாக்கிப் படியுங்கள்.

கண்டுபிடித்த தேதியைக் கோப்புக்குள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கைபேசி ஆல்பம் ஸ்கேன் செய்த நாளைத்தான் எடுத்த நாளாகக் கொள்ளும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் ஒரு ரோல் முழுதுக்கும் ஒரே தடவையில் தேதி போடலாம். கோப்பின் பெயரில் பெட்டி எண்ணும் ஸ்லைடு எண்ணும் இருக்கட்டும், அதே எண்ணைப் பென்சிலால் அட்டையிலும் எழுதுங்கள்.

கேள்வி: கடையில் கொடுத்தால் என்ன கேட்டு வாங்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: ஐந்து ஸ்லைடு மட்டும் முதலில் கொடுங்கள். அதில் ஒன்று இருண்டது, ஒன்று சிவந்தது. எந்தக் கருவி, உண்மையான டி.பி.ஐ. எவ்வளவு, 16 பிட் டிஃப் தருவார்களா, தானியங்கித் திருத்தம் இல்லாமல் தருவார்களா, வரிசை மாறாமல் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். இரண்டு எம்.பி. ஜேபெக் மட்டும்தான் என்றால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: ஸ்கேன் முடிந்துவிட்டது. இனி ஸ்லைடுகளை எறிந்துவிடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். பத்து வருடம் கழித்து இதைவிட நல்ல கருவி வரும், அப்போது மூலம் வேண்டும். அதோடு, வன்தட்டு ஒரே நாளில் போகக்கூடியது. 3600-இல் எடுத்த 16 பிட் கோப்பு ஒன்று சுமார் 104 எம்.பி.; அறுநூறு ஸ்லைடு 62 ஜி.பி. இரண்டு வன்தட்டில் ஒவ்வொரு நகல், வீட்டுக்கு வெளியே ஒன்று, ஆக மூன்று இருக்கட்டும்.

ஸ்லைடுகளைப் பாலிபுரொப்பிலீன் உறையில் வையுங்கள். பிசுபிசுக்கும் பி.வி.சி. உறை ஃபிலிமோடு ஒட்டிக்கொள்ளும். கான்கிரீட் தளத்தின் அடியில் உள்ள பரணும், மழையில் ஊறும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாத இடங்கள். அந்துருண்டை, கற்பூரம் போடாதீர்கள். ரப்பர் வளையம் போட்ட காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி; முள் 30-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பூஞ்சை தொடங்கும். திறக்கும்போது புளித்த காடி வாசனை வந்தால் அசிட்டேட் பேஸ் சிதைகிறது என்று பொருள். அந்த அமிலம் பக்கத்து ஸ்லைடையும் கெடுக்கும். உடனே பிரித்து வைத்து, அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதாக இருந்தால் இரட்டை ஜிப் பை போடுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஓரிரவு விடுங்கள், இல்லையேல் ஃபிலிமின்மேல் நீர் பூக்கும்.

ஆரஞ்சு ஜெல் பச்சையானால் ஈரம் ஏறிவிட்டது. 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை இதைச் செய்துவிடுங்கள்.